அலெக்ஸியாவின் இடது முழங்கால்: ஏசிஎல் கிழிவு முதல் பழைய ஆட்டம் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜூலை 5. இங்கிலாந்தில் மகளிர் யூரோ கால்பந்துக் கோப்பை தொடங்க ஒரே ஒரு நாள் இருந்தது. ஸ்பெயின் அணியின் பயிற்சியில் அலெக்ஸியா புட்டெயாஸின் இடது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 28. உலகின் சிறந்த கால்பந்து வீராங்கனைக்கான பாலன் டி ஓர் விருது, முந்தைய ஆண்டுக்கானது, அவரிடம் இருந்தது. அதே மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. 2023 ஏப்ரல் 30 அன்று பார்சிலோனா அணிக்காக மாற்று வீராங்கனையாகக் களமிறங்கினார். அடிபட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய பத்து மாதம்.

"அலெக்ஸியா திரும்பிவிட்டார்" என்று செய்திகள் வந்தன. ஆனால் 2023 டிசம்பரில் அதே முழங்காலில் மறுபடியும் ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமரா நுழைத்துச் செய்யும் மூட்டு அறுவை) செய்ய வேண்டிவந்தது. தொண்ணூறு நிமிடமும் ஆட்டத்தைத் தன் காலில் வைத்திருக்கும் பழைய அலெக்ஸியாவைப் பார்க்க இன்னும் வெகுகாலம் ஆனது.

ஏசிஎல் கிழிந்தவர் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை மாசத்துல விளையாடலாம்?" என்பதைத்தான். பயிற்சிக்குத் திரும்புவது, போட்டிக்குத் திரும்புவது, பழைய ஆட்டத்துக்குத் திரும்புவது ஆகிய மூன்றும் வெவ்வேறு நாட்களில் வருபவை. மூன்றையும் ஒரே தேதியாக நினைத்துக்கொள்வதால்தான் பல முழங்கால்கள் இரண்டாம் முறை கிழிகின்றன. அலெக்ஸியாவின் தேதிகள் பொதுவெளியில் பதிவானவை என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் முழங்காலுக்குள் என்ன நடக்கிறது, எதை அளக்க வேண்டும் என்பதை அவற்றோடு வைத்துப் பார்க்கலாம்.

எப்படிக் கிழிகிறது

ஏசிஎல் என்பது சுமார் 3 செ.மீ. நீளமும் சுண்டுவிரல் தடிமனும் உள்ள தசைநார். தொடை எலும்பிலிருந்து கீழ்க்கால் எலும்புக்குக் குறுக்காக ஓடி, கீழ்க்கால் முன்னோக்கி வழுக்குவதையும் உள்ளே முறுக்கிக்கொள்வதையும் தடுக்கிறது. பெரும்பாலான கிழிவுகளில் யாரும் வந்து மோதுவதில்லை. ஓடிவந்து சட்டென நிற்கும்போது, திசை மாற்றும்போது, ஒற்றைக்காலில் தரையிறங்கும்போது முழங்கால் அதிகம் மடங்காமல் விறைப்பாக இருந்து உட்பக்கம் சரிகிறது. பாதம் தரையைத் தொட்ட நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் கதை முடிந்துவிடும். தசை சுதாரிக்க அந்த நேரம் போதாது. ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் கிழிவு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அலெக்ஸியா விளையாட முடியாமலிருந்த அதே பருவத்தில் ஆர்சனல் மகளிர் அணியில் பெத் மீட், விவியான் மீடெமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்ட்டர் என நால்வர் ஏசிஎல் கிழிந்து வெளியேறினார்கள்.

கிழியும்போது 'டப்' என்று ஒரு சத்தமோ உணர்வோ, இரண்டு மணி நேரத்துக்குள் பந்துபோல் வீக்கம், அடுத்த சில நாட்களில் கால் ஊன்றித் திரும்பும்போது முட்டி நழுவுவதுபோல் தோன்றுவது: இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் ஏசிஎல்தான் என்று எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி எண்ணெய் தேய்த்து உருவிக் கட்டுப்போட்டு அனுப்புவது இங்கே இன்றும் நடக்கிறது. நான்கு வாரத்தில் வீக்கம் வடியும், ஆளும் மைதானத்துக்குப் போவார், அடுத்த நழுவலில், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். ஏசிஎல் இல்லாத முழங்காலின் ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸுக்கு விழும் வெட்டு.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயமல்ல. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வின் முதல் முடிவு 2010இல் வந்தது. முதலில் முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை என்று விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கும் மேல் ஐந்து ஆண்டுக் காலத்துக்குள் அறுவைக்குப் போகவேண்டி வந்தாலும், மற்றவர்கள் கத்தி படாமலேயே சமாளித்தார்கள். நேர்க்கோட்டில் ஓடுபவர், சைக்கிள் ஓட்டுபவர், நீந்துபவர் இந்த வழியை முயன்று பார்க்கலாம். கால்பந்து, கபடி, கூடைப்பந்து, கைப்பந்து போல் நின்று திரும்பிக் குதிக்கும் ஆட்டத்துக்கே திரும்ப வேண்டியவர்களுக்குப் புதிய தசைநார் வைப்பதே வழக்கம்.

கத்திக்கு முன், ஒட்டு எது

அறுவை மேசையில் ஏறும் முழங்கால் வீக்கம் வடிந்து, முழுவதும் நீண்டு, நொண்டல் இல்லாமல் நடப்பதாக இருக்க வேண்டும். வீங்கி விறைத்திருக்கும் மூட்டைத் திறந்தால் உள்ளே வடு படர்ந்து மூட்டு இறுகிப்போகும் அபாயம் கூடும். சிலருக்கு இந்த நிலை ஒரே வாரத்தில் வந்துவிடும், சிலருக்கு ஆறு வாரம் ஆகும். தேதியை மூட்டுதான் முடிவு செய்ய வேண்டும், மருத்துவமனையின் அட்டவணை அல்ல. தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிந்து மூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

அறுவைக்கு முன்பே இரண்டு கால்களின் முன்தொடை வலிமையையும் அளந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் ஒன்பதாவது மாதத்தில் விலைமதிப்பற்றது. காரணம் பின்னால் வருகிறது.

புதிய தசைநாருக்கான ஒட்டு பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) நடுப்பகுதியை, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு 10 மி.மீ. அகலத்தில் எடுப்பது ஒரு முறை. எலும்போடு எலும்பு சேர்வதால் அது ஆறு முதல் எட்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் மண்டியிடும்போது முன்முட்டி வலி நெடுநாள் இருக்கலாம். தரையில் மண்டியிட்டுத் தொழுபவர்களும் டைல்ஸ் போடுவதுபோல் தரையில் முட்டிபோட்டு வேலை செய்பவர்களும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். பின்தொடைத் தசைநாணை மடித்து வைப்பது இரண்டாவது முறை. தழும்பு சிறியது, முன்முட்டி வலி குறைவு. எலும்புத் துளைக்குள் அது பற்றிக்கொள்ள எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், காலை ஆழமாக மடக்கி இழுக்கும் வலிமையும் கொஞ்சம் குறையும். மடித்த ஒட்டின் விட்டம் 8 மி.மீ.க்குக் கீழே போனால் மறுகிழிவு அதிகம். மூன்றாவது, முட்டிச் சில்லுக்கு மேலுள்ள முன்தொடைத் தசைநாண். இறந்தவரிடமிருந்து பெறும் ஒட்டை இருபது வயது விளையாட்டுக்காரருக்கு வைப்பதை ஏற்க முடியாது. இளம் வயதில் அது கிழியும் விகிதம் பல மடங்கு அதிகம்.

25 வயதுக்குக் கீழே, மூட்டுகள் இயல்பாகவே தளர்ந்தவராக இருந்து, பின்தொடை ஒட்டு வைப்பதாக இருந்தால் முழங்காலின் வெளிப்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். 618 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ஒட்டு கிழிந்தவர்கள் பட்டை இல்லாத பிரிவில் 11 சதவீதம், பட்டை வைத்த பிரிவில் 4 சதவீதம்.

முதல் இரண்டு வாரம்: நீட்டுவதே முழு வேலை

இந்தக் கட்டத்தில் எல்லோரும் மடக்குவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். மடக்கம் தாமதமாக வந்தாலும் வந்துவிடும். நீட்டம் அப்படியல்ல. முழங்கால் மற்றக் கால் அளவுக்கு நேராக நீள்வது முதல் சில வாரங்களில் கிடைக்காவிட்டால், ஒட்டின் முன்னால் உருண்டையாக வடு வளர்ந்து கதவிடுக்கில் மாட்டிய கல்லைப்போல் மூட்டைத் தடுக்கும். அதை அகற்ற இன்னொரு ஆர்த்ராஸ்கோபி தேவைப்படும். ஐந்து டிகிரி நீளாத கால் எப்போதும் மடங்கியே ஊன்றும். முன்தொடைத் தசை ஓயாமல் உழைத்தும் வளராது, சில்லின் கீழே வலி தொடங்கும்.

அதனால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. வீட்டில் அன்பாக முதலில் செய்வது அதைத்தான். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே மாற்றுங்கள். முழங்காலின் பின்பக்கம் எதிலும் படாமல் தொங்க வேண்டும். பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. போதவில்லையென்றால் கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழுள்ள பகுதியை விளிம்புக்கு வெளியே தொங்கவிடலாம்.

கூடவே முன்தொடையை எழுப்ப வேண்டும். மூட்டுக்குள் நீர் நிற்கும்வரை மூளை அந்தத் தசைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. மனவுறுதி எவ்வளவு இருந்தாலும் தசை இறுகாது. முழங்காலைக் கீழே அழுத்தி, சில்லு மேல்நோக்கி நகருவதைக் கண்ணால் பார்த்தபடி ஐந்து விநாடி இறுக்குங்கள். பத்துப் பத்தாக நாள் முழுக்கச் செய்யுங்கள். மின்தூண்டல் கருவி கிடைத்தால் இந்த வாரங்களில்தான் அதற்குப் பலன். காலை நீட்டியபடி தூக்கும்போது முட்டி ஒரு துளியும் மடங்காமல் வந்தால், நடையில் நொண்டலும் இல்லையென்றால் ஊன்றுகோலை விடலாம். இரண்டாம் வார முடிவில் மடக்கம் 90 டிகிரியைத் தொட்டால் போதும்.

வீக்கத்தை விரலால் அளக்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, சில்லின் உட்பக்கத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை நீவிக் குழியைக் காலி செய்யுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை நீவுங்கள். உட்பக்கக் குழியில் நீர் அலையாக வந்து புடைத்தால் மூட்டில் இன்னும் நீர் இருக்கிறது. நீவாமலே குழி நிரம்பிவிட்டால் நேற்றைய வேலை அதிகம். கடைசி மாதம் வரை எந்தப் பயிற்சி கூடுதல், எது சரி என்று சொல்லப்போவது இந்தப் பரிசோதனைதான். கெண்டைக்கால் இறுகி வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு தையல் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெனிஸ்கஸும் தைக்கப்பட்டிருந்தால் எடை ஏற்றி 90 டிகிரிக்கு மேல் மடக்குவதற்குப் பல வாரம் தடை உண்டு. ஆழமாகக் குந்துவதற்கு ஏறக்குறைய நான்கு மாதம் தடை. வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் அறுவைக்கு முன்பே மேலே வைக்கும் நாற்காலியை வாங்கிவிடுங்கள். சம்மணமிடுவதையும் அதுவரை மறந்துவிட வேண்டும். தைத்த இடம் பிரிவதற்கு ஒரு முறை குந்தி எழுந்தாலே போதும்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம்: முட்டி ஏமாற்றும் காலம்

வலி போய்விட்டது, வீக்கம் இல்லை, மாடிப்படி ஏறுகிறார், வண்டி ஓட்டுகிறார். இந்த நேரத்தில்தான் ஒட்டு தன் வாழ்நாளிலேயே மிகப் பலவீனமாக இருக்கிறது. உடலிலிருந்து பிரித்து எடுத்த தசைநாண் ரத்த ஓட்டம் இழந்து உள்ளே செத்துப்போகிறது. புதிய ரத்தக்குழாய்களும் செல்களும் நுழைந்து பழைய இழைகளைக் கரைத்துப் புதியவை நெய்கின்றன. கரைவது முந்திக்கொள்கிறது, நெய்வது பின்னால் வருகிறது. இந்தச் சீரமைப்பு ஓராண்டைத் தாண்டியும் நடக்கும். நண்பர்களோடு சும்மா இரண்டு பந்து உதைத்ததில், ஈரத் தரையில் வழுக்கியதில் ஒட்டு போவது இந்த மாதங்களில்தான்.

ஒட்டைப் பாதுகாக்க வேண்டும் என்பதால் தசையைப் பட்டினி போட்டுவிடக் கூடாது. லெக் பிரஸ், பாதி அளவு ஸ்குவாட், 20 செ.மீ. படியிலிருந்து மெதுவாக ஒற்றைக்காலில் இறங்குவது, பின்தொடைக்கு மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பாலம், கெண்டைக்காலுக்குக் குதிகால் உயர்த்தல் என்று வாரம் மூன்று நாள் எடை ஏற்ற வேண்டும். ரப்பர் பட்டையில் முப்பது முறை ஆட்டுவதால் வலிமை வராது. எட்டாவது தடவையில் இன்னும் இரண்டு மட்டுமே முடியும் என்று தோன்றும் எடை, மூன்று நான்கு செட், இடையில் இரண்டு நிமிட ஓய்வு. உட்கார்ந்து காலை நீட்டும் இயந்திரத்தைப் பல ஜிம் பயிற்சியாளர்கள் ஏசிஎல்லுக்கு விஷம் என்று முழுக்கத் தடை செய்கிறார்கள். அது தவறு. நான்காம் வாரத்திலிருந்து 90 முதல் 45 டிகிரி வரை மட்டும், லேசான எடையில் தொடங்கலாம். கடைசி நீட்டத்தைப் பின்னர் படிப்படியாகச் சேர்க்கலாம். பின்தொடை ஒட்டு உள்ளவருக்கு இன்னும் நிதானம் வேண்டும். மற்ற பயிற்சிகளில் இடுப்பும் கெண்டைக்காலும் சுமையை வாங்கிக்கொள்ளும். இந்த இயந்திரத்தில் மட்டும்தான் முன்தொடை ஒளிய முடியாது.

தொங்குதராசு சொல்லும் உண்மை

பெரிய அணிகளிடம் தசை வலிமையை அளக்கும் ஐசோகைனெடிக் இயந்திரம் இருக்கும். அது இல்லாத ஊரில், உச்ச அளவைத் திரையில் நிறுத்திவைக்கும் மின்னணுத் தொங்குதராசு ஒன்றும் நல்ல பட்டையும் போதும். தராசு 150 கிலோவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். கால் தரையில் படாத உறுதியான மேசையில் உட்கார்ந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றி, தராசு வழியாகப் பின்பக்க மேசைக்காலில் கட்டுங்கள். முழங்கால் 90 டிகிரியில் இருக்கட்டும். ஐந்து விநாடி முழு பலத்தோடு முன்னால் தள்ளுங்கள். மூன்று முயற்சியில் பெரியதைக் குறியுங்கள். அறுவைக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும் முன் இந்த முழுபலச் சோதனை வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் கண்முன் செய்வது நல்லது.

கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ள வீராங்கனை 45 கிலோ தள்ளுகிறார், மூட்டிலிருந்து பட்டைக்கு 0.32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 × 9.81 × 0.32 என்பது சுமார் 141 நியூட்டன் மீட்டர். உடல் எடையால் வகுத்தால் 2.35. ஆட்டத்துக்குத் திரும்பும் ஆணுக்கு 3, பெண்ணுக்கு 2.5க்கு அருகில் வேண்டும் என்பது பலரும் வைத்திருக்கும் உத்தேச இலக்கு. இவருக்கு இன்னும் வேலை பாக்கி.

இரண்டு காலையும் ஒப்பிட்டு 90 சதவீதம் வந்தால் தேர்ச்சி என்ற வழக்கத்தில் ஓட்டை இருக்கிறது. அறுவைக்கு முன் நல்ல கால் 50 கிலோ தள்ளியது. ஒன்பது மாதம் சரியாக விளையாடாததில் அது 42 ஆகிவிட்டது. அடிபட்ட கால் 39. இன்றைய கணக்கில் 93 சதவீதம், எல்லோரும் கைதட்டுவார்கள். பழைய 50ஓடு ஒப்பிட்டால் 78தான். முதலிலேயே அளந்து வைத்த தாள் இதற்குத்தான்.

ஒற்றைக்காலில் முன்னால் தாவும் தூரமும் இதேபோல் ஏமாற்றும். முன்தாவலில் உந்துவிசையில் முழங்காலின் பங்கு எட்டில் ஒன்றுதான், மீதி இடுப்பும் கணுக்காலும். அதனால் தொடை மெலிந்திருந்தும் தூரம் வந்துவிடும். ஒற்றைக்காலில் நேர் மேலே குதிக்கும் உயரத்தை அளந்தால் மறைந்திருந்த குறை வெளியே வரும்.

ஓட்டம், தரையிறக்கம், திருப்பம்

மூன்றாம் மாதம் முடிவதற்கு முன் ஓட்டம் இல்லை. முடிந்த பிறகும் நான்கு நிபந்தனைகள்: நீர் இல்லை, முழு நீட்டம், முன்தொடை வலிமை நல்ல காலின் அளவில் 70 முதல் 80 சதவீதம், ஒற்றைக்காலில் இருபது தடவை குதிகாலை உயர்த்த முடிவது. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. அடுத்த நாள் ஓய்வு. மறுநாள் காலையில் நீவிப் பார்த்து நீர் இல்லையென்றால் மட்டும் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

குதிப்பில் ஏறுவதைவிட இறங்குவதே முதல் பாடம். 20 செ.மீ. பெட்டியிலிருந்து இரண்டு காலில் சத்தமின்றி இறங்கி, முழங்கால் இரண்டாம் கால்விரலுக்கு நேராக மடங்கி நிற்க வேண்டும். பிறகு 30 செ.மீ., பிறகு ஒற்றைக்கால். அடுத்து நிற்கப் பழகுவது: ஐந்து மீட்டர் ஓடி நில், பத்து ஓடி நில், முழு வேகத்தில் ஓடி நில். நிற்கத் தெரிந்த பிறகே 45 டிகிரித் திருப்பம், 90, முழுத் திருப்பம். கடைசியில் பந்தும் எதிராளியும். கூம்பைச் சுற்றி அழகாகத் திரும்பும் கால், எதிரில் ஆள் வந்து கண் வேறெங்கோ இருக்கும்போது பழையபடி உள்ளே சரியும். கபடியில் ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கும் நிலையைப் பயிற்சியில் கட்டுப்பாட்டோடு பலமுறை சந்திக்காமல் போட்டியில் இறக்கக் கூடாது.

மனநிலையும் அளவுக்கு உட்பட்டதே. பயத்தையும் நம்பிக்கையையும் பன்னிரண்டு கேள்விகளில் நூற்றுக்கு மதிப்பிடும் ஏசிஎல்–ஆர்எஸ்ஐ என்ற படிவம் உண்டு. வலிமை முழுதாக வந்தும் மதிப்பெண் ஐம்பதில் நின்றால் அவரை இன்னும் சில வாரம் உடல் மோதல் உள்ள பயிற்சியிலேயே வைத்திருங்கள்.

ஒன்பது மாதத்துக்கு முன் ஏன் வேண்டாம்? நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைப் பாதியாகக் குறைத்தது. தேர்வுகளில் தவறியும் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு முழங்கால் மறுபடி அடிபட்டது. எல்லாவற்றிலும் தேறியவர்களில் அது 6 சதவீதத்துக்கும் கீழே.

ஏப்ரல் 30க்குப் பிறகு

அலெக்ஸியா திரும்பிய நாளில் ஸ்போர்ட்டிங் வெல்வாவை 3–0 என்று வென்று பார்சிலோனா லீக் பட்டத்தை உறுதி செய்தது. அவர் ஆடியது கடைசிப் பகுதி மட்டும். ஜூன் 3 சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் முடியும் தறுவாயில்தான் இறங்கினார். இந்த வரிசை சரியானது. முதலில் சில நிமிடங்கள், பிறகு அரை ஆட்டம், பிறகு முழு ஆட்டம்.

அடுத்து உலகக் கோப்பை. ஸ்பெயின் 2023 ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 20 வரை ஏழு போட்டிகள் ஆடிப் பட்டம் வென்றது. அலெக்ஸியா அரையிறுதியில் தொடக்க அணியில் இருந்தார். இரண்டாம் பாதியில் அவருக்குப் பதில் வந்த சல்மா பரல்லுவேலோ கோல் அடித்தார். இறுதியில் கடைசி நேரத்தில்தான் அலெக்ஸியாவுக்கு இடம். இரண்டு பாலன் டி ஓர் வென்றவர் இப்படி இறக்கப்படுவது தகுதிக் குறைவல்ல. அறுவை முடிந்து பதின்மூன்றாம் மாதத்தில் ஒரு முழங்கால் தாங்கும் அளவு அது. இலையுதிர் காலத்தில் தொந்தரவு தொடங்கி டிசம்பரில் ஆர்த்ராஸ்கோபி வரை போனது.

இரண்டாம் ஆண்டில் வரும் வலிக்குப் பொதுவான காரணங்கள் சில உண்டு: சில்லின் பின்புறக் குருத்தெலும்பு கூடுதல் சுமையில் உராய்தல், ஒட்டு எடுத்த தசைநாணின் எரிச்சல், எஞ்சிய வடு, மெனிஸ்கஸ். எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் முன்தொடையின் பற்றாக்குறை இருக்கும். போட்டிகள் தொடங்கியதும் ஜிம் நாட்கள் காணாமல் போய்விடுவதே அதன் வேர். ஆட்டம் உடல்திறனைக் காக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. ஆட்டம் வலிமையைச் செலவழிக்கிறது.

2024 மே 25 அன்று பில்பாவோவில் லியோனுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில், மாற்று வீராங்கனையாக வந்த அலெக்ஸியா தொண்ணூறு நிமிடம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் இரண்டாவது கோலை அடித்தார். 2025 யூரோவில் ஸ்பெயினின் தொடக்க அணியில் நின்று கோல்களும் அடித்து இறுதி வரை ஆடினார். காயத்திலிருந்து மூன்று ஆண்டு. உச்சநிலைக் கால்பந்தில் ஏசிஎல் கிழிந்த ஆண்களில் மூன்று ஆண்டுக்குப் பின்னும் அதே மட்டத்தில் ஆடுபவர்கள் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

25 வயதுக்குக் கீழே ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு முழங்காலில் மறுபடி ஏசிஎல் போகிறது. நல்ல கால் என்று விட்டுவிட்ட காலும் இதில் சேர்த்தி. அதனால் திரும்பிய பிறகும் இரண்டு ஆண்டு முழுக்க, போட்டிப் பருவத்திலும் வாரம் இரண்டு நாள் இரு கால்களுக்கும் எடைப்பயிற்சி வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் ஃபிஃபா 11+ போன்ற இருபது நிமிடத் தயாரிப்பு வேண்டும். தொங்குதராசை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை எடுங்கள். எந்தக் காலிலாவது அளவு பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அடுத்த இரண்டு போட்டிகளில் ஆட்ட நிமிடங்களைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தைக் கால் நீட்டும் இயந்திரத்துக்குக் கொடுங்கள்.